நாகமலைப் பக்கம் நாயோடு உட்கார்ந்து டீ குடிக்க எங்கே போவது?

ஜனவரி 24 – கேள்வி

"பெங்களூரிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்குக் குடி வந்திருக்கிறோம். வீட்டில் நான்கு வயது லேப்ரடார். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனையும் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கஃபேக்குப் போய்விடுவோம். இங்கே கேட்ட இடத்திலெல்லாம் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். மதுரையில் அதெல்லாம் நடக்காது என்கிறார் வீட்டு ஓனர். நிஜமாகவே அப்படித்தானா அண்ணே? நான்குவழிச் சாலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை, இந்தப் பக்கம் சமணர் மலை வரை எங்கே போகலாம்?"

ஜனவரி 24, இரவு

நடக்கும் தம்பி. உங்கள் வீட்டு ஓனர் கஃபேயை மனதில் வைத்துச் சொல்கிறார். நீங்கள் டீக்கடையைப் பாருங்கள்.

நாய்க்கு அனுமதி உண்டு என்று போர்டு மாட்டிய இடத்தைத் தேடி அலைந்தால் பெட்ரோல்தான் செலவாகும். முன்னால் பெஞ்சு போட்டு, மேலே ஒரு வேப்பமரமோ புங்கமரமோ நிழல் கொடுக்கிற கடை போதும். தேனி ரோட்டில் புதுக்கோட்டை தாண்டிப் பல்கலைக்கழகம் போகிற வழியிலும், கீழக்குயில்குடிக்குத் திரும்புகிற ரோட்டிலும், விளாச்சேரி, முத்துப்பட்டிப் பக்கமும் அப்படிக் கடைகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் கன்னி ஜாதி நாட்டு நாய் ஒன்று, பெயர் சுந்தரி. அவள் குட்டியாக இருந்தபோதிலிருந்து இந்தக் கடைகளில்தான் சாயங்காலம் போகிறது. கடைப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நாலு பேர் நாலு நாயோடு ஒரே நாளில் போய் நின்றால், இடம் கொடுத்த மனுஷனுக்குத்தான் சங்கடம்.

ஜனவரி 25, காலை

எப்படிக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது, விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். டீ சொல்லுங்கள், உட்காருங்கள், கடை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த நேரத்தில் வருகிறார்கள், எந்தப் பெஞ்சில் பெரியவர்கள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், தண்ணீர் டிரம் எங்கே, அடுப்பு எங்கே, கடைக்கு என்று ஒரு தெருநாய் இருக்கிறதா. இதெல்லாம் தெரிந்துகொண்டு, கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள்: "வீட்டில் நாய் இருக்குண்ணே, வாரில் பிடிச்சுக்கிட்டு இந்த ஓரத்துல உட்காரலாமா?" மாஸ்டரிடம் கேட்காதீர்கள். அவர் தலையாட்டிவிடுவார், முதலாளி வந்ததும் அவருக்குத்தான் பேச்சு விழும்.

திருப்பி இரண்டு கேள்வி வரும். கடிக்குமா? ஊசி போட்டாச்சா? முதல் கேள்விக்கு "கடிக்கவே கடிக்காது" என்று எந்த நாய்க்கும் சத்தியம் செய்ய வேண்டாம். "யாரும் வந்து தொட்டால் பயப்படும், நான் கையிலேயே வச்சுக்கிறேன்" என்று சொல்லுங்கள், அதைத்தான் நம்புவார்கள். இரண்டாவதற்கு, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட பக்கத்தைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். தேதியோடு காட்டினால் கடைக்காரர் முகமே மாறிவிடும்.

காலை ஐந்தரை ஆறு மணிக்குக் கொத்தனார், சித்தாள் எல்லாம் வேலைக்குக் கிளம்பும் நேரம், கடை முன்னால் நிற்க இடம் இருக்காது. ஏழரை எட்டுக்கு அந்தக் கூட்டம் வடிந்துவிடும். அப்போது போங்கள்.

ஜனவரி 25, மதியம்

ஒன்று விட்டுப்போயிற்று. குடிக்கத் தண்ணீர், கிண்ணம் இரண்டும் உங்கள் வீட்டிலிருந்தே வர வேண்டும். கடை டம்ளரிலோ தட்டிலோ நாயை நக்கவிட்டால் அன்றோடு அந்தக் கடை உங்களுக்கு இல்லை. சரியாகவே அப்படிச் செய்வார்கள்.

ஜனவரி 27

"கஃபேக்காரர்களுக்குக் கொழுப்பு, பணக்கார நாய் என்றால் விடுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம், பதிவு பற்றிய 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு. சுத்தம், சுகாதாரம் பற்றியது. அதில் விலங்குகள், பறவைகள், வளர்ப்புப் பிராணிகள் உணவு நிறுவனத்தின் இடத்துக்குள் வர விடக் கூடாது என்றே இருக்கிறது. எலி, கரப்பான் தடுப்பு பற்றிய பகுதியில் இந்த வரி வருகிறது. சோதனைக்கு வருகிற அதிகாரி அதைக் காட்டிக் கேட்டால் கடைக்காரர் என்ன பதில் சொல்வார்? லட்சக்கணக்கில் கடன் வாங்கி உள்ளலங்காரம் செய்து கடை திறந்தவர் வாசலில் கும்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது.

அதனால்தான் திறந்தவெளி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டீக்கடைக்கும் அதே சட்டம்தான். கூரைக்குக் கீழே, பாய்லர் பக்கம், பலகாரக் கண்ணாடிப் பெட்டி பக்கம் நாயைக் கொண்டுபோகவே கூடாது. மரத்தடிப் பெஞ்சோடு நம் எல்லை முடிந்தது.

பிப்ரவரி 1

போன ஞாயிறு சாயங்காலம் சுந்தரியோடு போயிருந்தேன். பெஞ்சுக்கு அடியில் நன்றாகத்தான் படுத்திருந்தாள். மாஸ்டர் டீ ஆற்றுகிற கை மேலே போனால் அவள் கண்ணும் மேலே போகும், இறங்கினால் இறங்கும். அப்புறம் பக்கத்துக் கடையில் ஒருவர் கொத்து புரோட்டா சொன்னார். கல்லில் முதல் தட்டு விழுந்தது. அவ்வளவுதான், காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டது, வால் வயிற்றுக்கடியில் போயிற்று, பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். பெஞ்சில் மறுமுனையில் இருந்த பெரியவர் டம்ளரோடு எழுந்து நின்றார். மேலே கொட்டவில்லை, நல்லவேளை. "பாவம், காதுக்குள்ளயே தட்டுற மாதிரி இருக்கும்ல அதுக்கு" என்றார் அவர்.

ஆகவே புதிதாக ஒரு விதி: ஆறு மணிக்கு மேல் புரோட்டாக் கல் பக்கத்தில் இருக்கிற கடை வேண்டாம். மதுரையில் அந்த நேரத்துக்கு அந்தச் சத்தம் இல்லாத தெரு கிடைப்பது சிரமம்தான். நாயைப் பழக்கவும் செய்யலாம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் தூரத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும்போதெல்லாம் பிடித்த தீனி கொடுத்து, நாள் போகப் போக நெருங்குவது. அவசரப்பட்டு இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் கட்டினால் பயம் இன்னும் கூடும்.

பிப்ரவரி 2

திருநகர் அக்கா எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவர்கள் வீட்டு ராஜபாளையம் நாய் கொத்து புரோட்டாக் கல்லுக்கு நேர் எதிரே படுத்துத் தூங்குமாம். "எங்க ராசாவுக்குக் காதே கேக்காதே!" என்று எழுதியிருக்கிறார்.

வெள்ளை வெளேர் என்று, மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்கிற ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாமை கொஞ்சம் அதிகம். அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற குறை அது. குட்டி வாங்குகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. 2005 ஜனவரியில் தபால் துறை நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டதே, அதில் ராஜபாளையமும் ஒன்று. அவ்வளவு பெருமை உள்ள ஜாதியைப் பொறுப்பில்லாமல் இனச்சேர்க்கை செய்து கெடுக்கிறோம் என்பது என் ஆதங்கம். அக்கா, காது கேட்காத நாயைக் கடைக்குக் கூட்டிப் போகும்போது யாரும் பின்னாலிருந்து தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திடுக்கிட்டால் எந்த நாயும் திரும்பி வாய் வைத்துவிடும்.

பிப்ரவரி 9

தெருநாய் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் பெரிய சிக்கல், கடைக்காரர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒவ்வொரு டீக்கடைக்கும் ஒரு நாய் உண்டு. கருப்பன், மணி, பைரவா என்று யாராவது பெயர் வைத்திருப்பார்கள். காலையில் முதல் பன் அதற்குத்தான். அந்த இடம் அதனுடையது. நாம் வார் போட்டு ஒரு லேப்ரடாரை அதன் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறோம், அதற்குக் கோபம் வராதா? தூரத்திலேயே நின்றுவிடுங்கள். அது பார்க்கட்டும், குரைக்கட்டும். நேருக்கு நேர் நடத்திப் போகாமல் கொஞ்சம் வளைந்து பக்கவாட்டில் வாருங்கள். வாரை இறுக்கிப் பிடித்தால் நம் நாய்க்கும் பதற்றம் ஏறும், தளர்த்திப் பிடிக்க வேண்டும். கடைக்காரரே "ஏய் கருப்பா, போடா அங்கிட்டு" என்று ஒரு அதட்டுப் போட்டால் முக்கால்வாசி அடங்கிவிடும். மூன்று நான்கு நாய் கூட்டமாக வந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள், அன்றைக்கு டீ வேண்டாம்.

தெருநாயைச் சமாதானப்படுத்த ரோட்டில் பிஸ்கட் வீசாதீர்கள். கூட்டம் சேரும், சண்டை வரும், பைக்கில் போகிறவர் விழுவார். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் தெருவில் கண்ட இடத்தில் உணவு வைக்காமல் அதற்கென்று இடம் ஒதுக்கச் சொல்லித்தான் உத்தரவு போட்டது. அது டெல்லி நாய்கள் வழக்கில் வந்தது என்றாலும், அதற்கப்புறம் நம் ஊரிலும் நாய் வைத்திருப்பவரைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறியிருக்கிறது. நாம்தான் கூடுதலாகப் பார்த்து நடக்க வேண்டும்.

பிப்ரவரி 16

தம்பி, உங்கள் லேப்ரடார் வடை தின்றுவிட்டான் என்று இரவு பதினொரு மணிக்குப் பதறி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வடைக்கு ஒன்றும் ஆகாது.

வெங்காயம், பூண்டு இரண்டும் நாய்க்கு ஆகாது என்பது உண்மை. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். ஆனால் அதற்கு அளவு இருக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால்தான் ரத்தத்தில் பெரிய மாற்றம் தெரியும் என்று கால்நடை மருத்துவ நூல்களில் போட்டிருக்கும். உங்கள் பையன் 30 கிலோ என்றால் குறைந்தது 450 கிராம். ஒரு வடையில் அதில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். இருந்தாலும் நாலைந்து நாள் கவனித்துக்கொள்ளுங்கள். சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். பாதிப்பு அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும்.

குட்டி நாய்க்கும் சின்ன ஜாதி நாய்க்கும் இந்தக் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று கிலோ பொமரேனியனுக்கு 45 கிராம் என்றால் வெங்காயப் பஜ்ஜி ஒரு சின்னத் தட்டே போதும்.

பிப்ரவரி 17

மற்ற தீனி பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ராத்திரி கேள்வி வரும். சாக்லேட் கூடாது. உலர் திராட்சை போட்ட கேக், பன் கூடவே கூடாது, திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், இவ்வளவு தின்றால் பரவாயில்லை என்று அதற்கு அளவு சொல்ல முடியாது. டீ, காப்பி மிச்சத்தை ஊற்றாதீர்கள். வளர்ந்த நாய்கள் நிறையவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். சால்னாவில் ஊறிய புரோட்டா என்றால் வெங்காயமும் பூண்டும் எண்ணெயும் சேர்ந்தே உள்ளே போகிறது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெறும் இட்லி கொஞ்சம் கொடுக்கலாம்.

கடைக்காரர் பிரியமாகத்தான் நீட்டுவார். "டாக்டர் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருண்ணே" என்று டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், மனசு நோகாது. வீட்டிலிருந்து கொண்டுபோன தீனியை அவர் கையில் கொடுத்து, அவரையே போடச் சொல்லுங்கள். நாய்க்கும் அவர் மேல் ஒட்டுதல் வரும். எங்கள் கடையில் சுந்தரி என்னைத் தாண்டி முதலில் கல்லாவைத்தான் பார்ப்பாள்.

மார்ச் 1

கீழக்குயில்குடி போனதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல இடம். தாமரைக் குளம், ஆலமரம், ஐயனார் கோயில், எதிரே கடைகள். காலை ஏழு மணிக்கு அங்கே உட்கார்ந்து டீ குடிப்பதற்கு ஈடாக இந்தப் பக்கம் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே இருக்கிற சமணர் மலை மேல் நாயை ஏற்ற வேண்டாம். மலையில் இருக்கிற செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் தொல்லியல் துறை பாதுகாக்கிற இடங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையில் இருக்கின்றன, அங்கே நாய் காலைத் தூக்கினால் நமக்குத்தான் அவமானம். கோயில் படிக்கட்டிலிருந்தும் தள்ளி நில்லுங்கள். இரண்டு பேராகப் போனால் ஒருவர் கீழே நாயோடு இருக்கலாம், மற்றவர் ஏறிவிட்டு வரலாம்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தப் பக்கம் ஆடு மேய வரும், மயிலும் உண்டு. இவை கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய்கள். ஓட ஆரம்பித்துவிட்டால் நம் குரல் காதில் ஏறாது. "என் பேச்சைக் கேட்கும்" என்று வாரைக் கழற்றாதீர்கள். ஒரு ஆட்டுக்குட்டியைப் பிடித்துவிட்டால் மேய்ப்பவருக்குப் பதில் சொல்லி மாளாது, அந்த ஊரில் அப்புறம் யாரும் நாயோடு கால் வைக்க முடியாது.

மார்ச் 2

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தொழுகைக்குப் போகிற பாயாக இருக்கலாம், நாய் எச்சில் பட்டால் அவர் துணியைக் கழுவ வேண்டியிருக்கும். சின்ன வயதில் கடி வாங்கியவராக இருக்கலாம். "ஒண்ணும் செய்யாது சார்" என்று சிரிக்காமல், அவர் கேட்பதற்கு முன்பே எழுந்து தள்ளி உட்காருங்கள். பயம் உள்ளவரை நான் ஒருபோதும் சமாதானப்படுத்த முயல்வதில்லை. அவருக்கும் அந்தக் கடையில் டீ குடிக்க உரிமை இருக்கிறது, நமக்கு முன்பிருந்தே வருகிறவர் அவர்.

எவ்வளவு பார்த்தும் ஒருவேளை பல் பட்டுவிட்டால்: காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவிடாதீர்கள், அவரை நீங்களே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தோலில் போடுகிற வெறிநாய்க்கடி ஊசி, முதல் ஊசி போடுகிற நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 என்று நான்கு நாள் வரும். நம் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லி அவர் ஊசியை நிறுத்தவைக்க வேண்டாம், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஏப்ரல் 12

வெயில் ஏறிவிட்டது. இனி எட்டு மணி என்று நான் ஜனவரியில் எழுதியது செல்லாது. ஏழு மணிக்கு முன்னால், இல்லையென்றால் பொழுது சாய்ந்து ரோடு ஆறிய பின்னால். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வையுங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. லேப்ரடாருக்கு உள்முடி வேறு அடர்த்தி. மூச்சு வாங்கித்தான் அது உடம்பைக் குளிரவைக்க வேண்டும், நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் ஒழுகி, கால் தள்ளாடினால் டீயை வைத்துவிட்டுச் சாதாரணத் தண்ணீரை உடம்பு நனைய ஊற்றி, காற்றுப் படும்படி வைத்து, டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

ஏப்ரல் 12, இரவு

காரில் ஏசியைப் போட்டு விட்டுவிட்டு உள்ளே போய் ஜிகர்தண்டா குடிக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். இன்ஜின் நின்றுபோனால் உங்களுக்குத் தெரியாது. பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 20

உண்ணி. மாட்டுத்தொழுவம் பக்கத்தில் இருக்கிற கடைகளில் போய் உட்கார்ந்து வந்தால் அன்றைக்கே காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். எங்கள் முந்தைய நாய் மருதுவை உண்ணிக் காய்ச்சலில்தான் இழந்தோம். தீனி குறைந்தது, வெயில்தானே என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மூக்கில் ரத்தம் வந்தபோது, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் ரொம்பக் குறைந்துபோயிருந்தன. ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் உடம்பு சுட்டால் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். சீக்கிரம் தெரிந்தால் மருந்தில் கேட்கிற நோய் அது. உண்ணிக்கு மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் வந்துவிட்டன. எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவதைத் தவறாமல் கொடுங்கள்.

மே 3

அச்சம்பத்துப் பக்கம் கஃபே ஆரம்பிக்கப் போகிறவர் ஒருவர் யோசனை கேட்டிருக்கிறார். சந்தோஷம். சமையலறையும் உள்ளறையும் நாய்க்கு இல்லை என்பதில் உறுதியாக இருங்கள். நாய்கள் உட்காருகிற முற்றத்துக்கு உள்வழியாக வராமல் தெருவிலிருந்தே தனி வாசல் வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் வரைபடத்தைக் காட்டி முதலிலேயே கேட்டுவிடுங்கள், கட்டிவிட்டு இடிப்பதைவிட அது மேல். மண் தரையும் மரநிழலும் போதும், டைல்ஸ் வேண்டாம், வழுக்கும், சுடும். சுவரில் வார் மாட்ட ஆங்காங்கே இரும்பு வளையம், மேசைகளுக்கு நடுவே இரண்டு நாய் முகம் உரசாத இடைவெளி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, கழிவு அள்ளக் காகிதம். வேட்டுச் சத்தம் கேட்டால் நாய் தாவி ஓடாதபடி வாசலுக்குக் கதவு. நம் ஊரில் திருவிழாவுக்கும் வேட்டு, சாவு ஊர்வலத்துக்கும் வேட்டு. முன்கூட்டித் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நாய் நேரம் என்று ஆரம்பியுங்கள். பயம் உள்ளவர்கள் அந்த நேரத்தைத் தவிர்த்துவிட்டு மற்ற நேரம் நிம்மதியாக வருவார்கள். கடை திறந்ததும் சொல்லுங்கள், நான் வருவேன்.

மே 4

இரண்டு மாதக் குட்டியோடு போகலாமா என்று கேட்ட தங்கைக்கு: இப்போது வேண்டாம். பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற இரண்டு தொற்றுநோய்க்கும் போடுகிற ஊசி வரிசை முடியும்போது குட்டிக்கு நான்கு மாத வயது போல ஆகிவிடும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், டீக்கடை வாசல் பல நாய் வந்துபோகிற இடம். அதுவரை குட்டியைத் தரையில் விடாமல் மடியிலோ கூடையிலோ வைத்து, கடை தெரிகிற தூரத்தில் வண்டியிலேயே உட்கார்ந்து வேடிக்கை காட்டுங்கள். பாய்லர் சத்தம், பஸ் ஹாரன், லுங்கி கட்டிய ஆள், ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாம் இந்த வயதில் பார்த்துப் பழகிவிட்டால் பின்னால் பயம் இருக்காது. ஊசி அட்டையில் கடைசித் தேதி விழுந்து, டாக்டர் சரி என்றதும் எழுதுங்கள். எந்தக் கடை, எந்த நேரம் என்று தனியாகச் சொல்கிறேன்.